ஒன்பது நாள் நின்ற தண்ணீர்: ஒரு கடைமடைக் கிராமமும் சிங்கப்பூரில் இருந்த நாங்களும்

டெல்டாவில் மழை கொட்டும்போதெல்லாம் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் ஒன்றுகூடிப் பணம் அனுப்புவது வழக்கம். 2022 நவம்பரில் எங்கள் ஊருக்கு நாங்களும் அனுப்பினோம். அந்தப் பணம் ஊரில் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த சண்டையைப் பெரிதாக்கியது. அதோடு நிற்காமல், சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு தொழிலாளர் தங்கும் விடுதியின் அறைக்குள்ளும் அந்தச் சண்டை வந்து உட்கார்ந்தது. எங்கே தவறினோம், எப்படி ஓரளவு சரிசெய்தோம் என்பதை நடந்த வரிசையில் எழுதுகிறேன். அடுத்த முறை வேறொரு ஊர்க்காரர்கள் இதே வேலையில் இறங்கும்போது உதவலாம். ஊரின் பெயரும் ஆட்களின் பெயரும் இதில் இல்லை.

பின்னணி

எங்கள் ஊர் சீர்காழி வட்டத்தில் கடலை ஒட்டிய கடைமடைப் பகுதியில் இருக்கிறது. காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம் அது. மழைத் தண்ணீரோ மேற்கிலிருந்து எல்லா ஊரையும் கடந்து எங்களிடம்தான் வந்து நிற்கும். வயல்களுக்கு நடுவே மேற்கிலிருந்து கிழக்காக ஒரு வடிகால் வாய்க்கால் ஓடி உப்பனாற்றில் விழுகிறது. கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் உப்பனாறு தண்ணீரை உள்ளே வாங்காது. போதாததற்கு வாய்க்காலின் கிழக்குப் பகுதி முழுக்க ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டிக் கிடந்தன.

ஊரில் சுமார் 280 வீடுகள். சொந்த நிலம் வைத்துப் பயிர் செய்பவர்கள், குத்தகைக்குப் பயிர் செய்பவர்கள், நிலமே இல்லாமல் நடவுக்கும் களைக்கும் போகிறவர்கள் என்று மூன்று வகை மக்கள். கடைசி வகையில் பெரும்பாலோர் காலனித் தெருவில் இருக்கிறார்கள். குத்தகை எல்லாம் வாய்ப்பேச்சுதான், எழுத்து கிடையாது. அதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழ்நாட்டில் 1955-ல் வந்த குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும் 1969-ல் வந்த குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் பயிர் செய்பவருக்கு உரிமை தருகின்றன. எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று நிலக்காரர்கள் பயப்படுகிறார்கள். அதனால் எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று எழுதும் கிராமப் பதிவேடான அடங்கலில் உழுகிறவர் பெயர் ஏறுவதே இல்லை. பின்னால் நடந்த பல விஷயங்களுக்கு வேர் இதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிலக்காரர் டிராக்டர் போக வர வடிகாலுக்குக் குறுக்கே மண் பாதை போட்டார். தண்ணீர் போக அடியில் இரண்டு சிமெண்ட் குழாய்கள் வைத்தார். அப்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பாதைக்குக் கிழக்கே அவர் தானே பயிர் செய்யும் வயல்கள். மேற்கே உள்ள சுமார் 60 ஏக்கரில் பெரும்பகுதி குத்தகை நிலம். அதில் இரண்டரை ஏக்கர் அதே நிலக்காரருடையது. காலனித் தெருக்காரர் ஒருவர் 14 ஆண்டுகளாக அதைக் குத்தகைக்குச் செய்துவருகிறார்.

நிலக்காரரின் மகனும் அந்தக் குத்தகைக்காரரின் தம்பியும் சிங்கப்பூரில் ஒரே நிறுவனத்தில், ஒரே விடுதி அறையில் இருந்தார்கள். நான் கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு மேற்பார்வையாளன். இங்கே 16 ஆண்டுகள் ஆகிவிட்டதால் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அப்போது குழுவில் 46 பேர்.

நவம்பர் 11, வெள்ளி இரவு

அன்று இரவு எல்லோர் வீட்டிலிருந்தும் ஒரே மாதிரி அழைப்பு வந்தது. மழை விடவில்லை, வாசலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது, மின்சாரம் போய்விட்டது. நள்ளிரவுக்குப் பிறகு அழைப்புகள் நின்றுபோயின. காலையில் அனுப்பிய செய்திகளுக்கு ஒற்றை டிக் மட்டும்தான் விழுந்தது. அந்த ஒற்றை டிக்கைப் பார்த்துக்கொண்டே சனிக்கிழமை முழுக்க வேலைத்தளத்தில் நின்றோம். சீர்காழியில் ஒரே நாளில் ஏறக்குறைய 44 சென்டிமீட்டர் மழை பெய்திருந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே இப்படி ஒரு மழை பதிவானதில்லை என்று செய்தியில் வந்தது.

உயிர்ச் சேதம் எங்கள் ஊரில் இல்லை. ஆனால் சம்பா நட்டு ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆன பயிர்கள் தண்ணீருக்குள் இருந்தன. ஐந்து நாளில் வடிந்தால் மீளும், பத்து நாள் கிடந்தால் அழுகும் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் வீட்டுச் செய்தி கிடைத்த பிறகு எல்லோரும் கேட்ட அடுத்த கேள்வி ஒன்றுதான்: வடிகால்ல தண்ணி ஓடுதா?

முதல் முடிவு: பணம்

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் கூடலாம் என்றார்கள். அந்தச் சமயத்தில் விடுதிகளில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா வர முன்கூட்டியே அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். பாதிப் பேருக்குத்தான் கிடைத்தது. மற்றவர்கள் போனில் சேர்ந்துகொண்டார்கள்.

ஆளுக்குக் குறைந்தது 50 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், என்று முடிவானது. வேலைக்கு வர ஏஜென்ட்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனை இன்னும் அடைக்காத ஆறு பேரிடம் வாங்குவதில்லை என்றும் சொன்னோம். பக்கத்து அறை நண்பர்களும் தரத் தயாராக இருந்தார்கள். அதை வேண்டாம் என்றோம். வெளிநாட்டு உதவிக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்டச் சிங்கப்பூரில் அனுமதி தேவை. ஊர்க்காரர்களுக்குள் மட்டும் வைத்துக்கொண்டால் அந்தச் சிக்கலே வராது. குழுவில் இருவர் சிங்கப்பூர்க் குடிமக்கள் ஆகிவிட்டவர்கள். வெளிநாட்டுக் குடிமகன் பொதுக்காரியத்துக்குத் தரும் பணத்துக்கு இந்தியாவில் தனிச் சட்டம் இருக்கிறது. அவர்களைத் தங்கள் சொந்தக்காரர்களுக்கு நேரே அனுப்பிக்கொள்ளச் சொன்னோம். அவசரத்திலும் நாங்கள் யோசித்துச் செய்தது இந்த இரண்டும்தான்.

38 பேரிடமிருந்து 2,030 வெள்ளி சேர்ந்தது. அன்றைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 1,20,000 ரூபாய். யாருக்கு அனுப்புவது என்று கேட்டபோது கோயில் கணக்கு பார்க்கும் பெரியவர் ஒருவரைச் சொன்னேன். அவர் எனக்கு மாமா முறை. வங்கிக் கணக்கு இருக்கிறது, போனில் பேச முடிகிறது, பத்து ரூபாய் கூடத் தொடாத மனிதர். ஒருவரும் மறுக்கவில்லை. திங்கட்கிழமை பணம் போய்ச் சேர்ந்தது. எப்படிப் பிரிப்பது என்பதைப் பற்றி நாங்கள் சொன்னதெல்லாம் ஒரே வரி: "பாதிக்கப்பட்டவங்களுக்குப் பார்த்துக் குடுங்க மாமா."

வடிகால் பாதையில் நடந்தது

நவம்பர் 16 ஆகியும் பாதைக்கு மேற்கே தண்ணீர் வடியவில்லை. அன்று இரவு மேற்கு வயல்காரர்கள் நான்கு பேர் மண்வெட்டியோடு போய்ப் பாதையை வெட்டிவிட்டார்கள். விடிவதற்குள் நிலக்காரரின் ஆட்கள் மணல் மூட்டை போட்டு அடைத்தார்கள். காலையில் கைகலப்பு. ஒருவருக்கு நெற்றியில் காயம். நான்கு பேர் மீதும் காவல் நிலையத்தில் புகார் போனது. அந்த நால்வரில் ஒருவர், விடுதித் தம்பியின் அண்ணனான குத்தகைக்காரர். 18-ஆம் தேதி வருவாய்த் துறை ஆட்கள் வந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடச் சொன்னார்கள். 20-ஆம் தேதிதான் வயல் தெரிந்தது. ஆக ஒன்பது நாள்.

மூட்டை போடுவதை யாரோ நாற்பது விநாடி வீடியோவாக எடுத்து அனுப்ப, அது எங்கள் குழுவிலும் வந்து விழுந்தது. வீடியோவில் கெட்ட வார்த்தை இருந்தது, சாதியைச் சொல்லி ஒரு பேச்சும் இருந்தது. நான் அதை உடனே நீக்கியிருக்க வேண்டும். வேலையில் இருந்தேன், இரவு எட்டு மணிக்குத்தான் பார்த்தேன். அதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

அறைக்குள் வந்த சண்டை

அந்த விடுதி அறையில் எங்கள் ஊர்க்காரர் இருவரும் பக்கத்து ஊர்க்காரர் நால்வரும் சேர்ந்து பங்குச் சமையல் செய்துவந்தார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் ஆறு பங்கு. ஒருநாள் நிலக்காரர் மகன் குழம்பு வைத்தால் மறுநாள் தம்பி வைப்பான். ஊரில் இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்ததில்லை. இங்கே மூன்று ஆண்டுகள் ஒரே சட்டியில் சாப்பிட்டார்கள். கொரோனா காலத்தில் விடுதியை விட்டு வெளியே வர முடியாமல் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தபோது ஒருவருக்கொருவர் அவர்கள்தான் துணை.

வீடியோ வந்த இரவு யாரும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். மறுநாள் தம்பி தன் தட்டையும் டம்ளரையும் எடுத்துத் தன் கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டான். அடுத்த நாளிலிருந்து விடியற்காலையில் கட்டி வரும் கேட்டரிங் சாப்பாட்டுக்கு மாறிவிட்டான். அந்தச் சோறு மதியம் பிரிப்பதற்குள் எப்படி ஆகியிருக்கும் என்பது தளத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நவம்பர் 27, ஞாயிறு அன்று அவன் என்னைத் தேடி வந்தான். அழவில்லை, கோபமாகவும் பேசவில்லை. "நானும் அம்பது வெள்ளி குடுத்தேன்ல அண்ணே. எங்க தெருவுல மூணு பேருக்குத்தான் வந்திருக்கு. எங்க அண்ணன் செஞ்ச வயலுக்கான காசு அவங்க வீட்டுக்குப் போயிருக்கு. நான் குடுத்த காசும் அதுக்குள்ள இருக்கு" என்றான்.

அன்றே மாமாவுக்குப் போன் போட்டேன். அவர் மறைக்கவில்லை. ஏக்கருக்கு 1,000 ரூபாய் வீதம், பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் கொடுத்திருந்தார். மொத்தம் 54 பேர். "பயிர் போனவனுக்குத்தானப்பா வெள்ளப் பணம்? நிலம் இல்லாதவனுக்கு என்ன போச்சு?" என்று நிஜமாகவே புரியாமல் கேட்டார். ஒரு ரூபாய் குறையாமல் கணக்கு வைத்திருந்தார். தப்பு அவர் கணக்கில் இல்லை. அப்படி ஒரு கணக்கைக் கேட்காமலே பணத்தை அனுப்பிய எங்களிடம் இருந்தது.

இரண்டு நாள் பேசி மூன்று விஷயங்களை முடிவு செய்தோம். கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை. வாங்கியவர்களுக்கும் பயிர் போனது உண்மை, கேட்டால் இன்னொரு பகை முளைக்கும். மாமாவின் பட்டியலைக் குழுவில் அப்படியே போடுவது, யாரும் யாரையும் ஊகித்துப் பேசாமல் இருக்க. அடுத்த பணம் எதற்கு என்பதை ஊருக்கு நேரில் போய்ப் பார்த்த பிறகே முடிவு செய்வது. பொங்கலுக்கு வைத்திருந்த விடுமுறையை முன்னால் இழுத்துக்கொண்டு நான் கிளம்பினேன்.

ஊரில் பார்த்தது

டிசம்பர் 3-ஆம் தேதி திருச்சியில் இறங்கி ஊர் போய்ச் சேர்ந்தேன். முதலில் முகத்தில் அடித்தது நாற்றம். அழுகிய பயிரும் நனைந்த வைக்கோலும் சேர்ந்த ஒரு புளித்த நாற்றம். வைக்கோல்போர் எல்லாம் உள்ளே கறுத்துப்போயிருந்தது. மாடு வைத்திருந்தவர்கள் தீவனத்துக்கு மேட்டுப் பக்கத்து ஊர்களுக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். நல்ல மாடு இரண்டு அடிமாட்டு விலைக்குப் போயிருந்தது.

வயல்களில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பக்கத்துப் பக்கத்து வயலில் ஒன்று பச்சையாக நின்றது, ஒன்று சேறாகக் கிடந்தது. பச்சையாக நின்றவற்றில் பல சி.ஆர். 1009 சப் 1 ரகம், இரண்டு வாரம் வரை தண்ணீருக்குள் இருந்தாலும் தாங்கும்படி உருவாக்கியது. அந்த விதை கிடைத்தவனுக்குப் பயிர் இருந்தது, கிடைக்காதவனுக்கு இல்லை. ஆனால் அழுகிய வயல்காரர்கள் அதை விதையின் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. "அவன் வயலுக்கு ராத்திரியில வாய்க்கா வெட்டி வடிச்சிருக்கான்" என்றுதான் பேசிக்கொண்டார்கள். சந்தேகம் ஊர் முழுக்க அந்த அளவுக்கு இருந்தது.

காலனித் தெருவில் களையெடுக்கும் பெண்களைக் கூட்டிப் போகும் அக்கா ஒருவரிடம் ஒரு மாலை முழுக்கப் பேசிக்கொண்டிருந்தேன். வேளாண்மைத் துறையிலிருந்தும் கிராம நிர்வாக அலுவலரும் வந்து பயிர்ச் சேதம் கணக்கெடுத்துப் போனார்கள் என்றார். பிறகு சொன்னார்: "வயல் போனதைக் கணக்கு எழுதுறாங்க தம்பி. களை போச்சு, ரெண்டாங்களை போச்சு, அறுப்புக்கு வண்டி வந்துரும். எங்களுக்குப் போன வேலையை எந்த நோட்டுல எழுதுவாங்க?" நூறு நாள் வேலையும் மழையில் நின்றுவிட்டது. ஆனால் குழுக் கடனுக்கு வாரத் தவணை வாங்க வருகிறவர் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. தவணைக்கு முந்தின நாள் இரவு யார் வீட்டில் எவ்வளவு புரட்டலாம் என்று அலைவதுதான் அந்தத் தெருவின் பெரிய வேலையாக இருந்தது. மாமாவின் கேள்விக்குப் பதில் எனக்கு அந்தத் திண்ணையில்தான் கிடைத்தது.

அரசு சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களில் ரேஷன் அட்டைக்கு 1,000 ரூபாய் கொடுத்தது. அந்தப் பணத்தைப் பற்றி ஊரில் சண்டையே இல்லை என்பதைக் கவனித்தேன். ஒரே அட்டையில் மூன்று அடுப்பு எரியும் வீடுகளில் மட்டும் மருமகள்களுக்குள் முணுமுணுப்பு. எல்லாத் தெருவும் ஒரே வரிசையில் நின்று, எல்லோர் கண் முன்னாலும் வாங்கியது. நாங்கள் அனுப்பியதில் ஒருவர் கைக்குப் போனது அதைவிடப் பெரிய தொகையாக இருக்கலாம், ஆனால் யாருக்கு எவ்வளவு என்று யாரும் பார்க்கவில்லை.

இரண்டு குழாய், ஒரு வாய்க்கால்

புகார் இன்னும் அப்படியே இருந்தது. கோயில் மண்டபத்தில் கூட்டம் போடலாம் என்றார் மாமா. நான் வேண்டாம் என்றேன். மண்டபத்தில் யார் எங்கே உட்காருவது என்பதிலேயே பாதிச் சண்டை தொடங்கிவிடும். வாய்க்கால் கரையிலேயே நடந்துகொண்டு பேசலாம் என்று நிலக்காரரையும் மேற்கு வயல்காரர்களையும் களைக் குழு அக்காவையும் தனித்தனியாகப் போய்க் கூப்பிட்டேன்.

அதற்கு முன்னால் ஒரு வேலை செய்தேன். டேப் வைத்து வாய்க்காலை அளந்து, வீடியோ எடுத்து, சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் ஊர் அண்ணன் ஒருவருக்கு அனுப்பினேன். ஆர்ச்சர்ட் சாலையில் 2010-ல் வெள்ளம் வந்த பிறகு அந்தப் பகுதித் தண்ணீரைத் திருப்பிவிடத் தோண்டினார்களே, 2018-ல் முடிந்த ஸ்டாம்ஃபோர்டு திசைதிருப்புக் கால்வாய், அதில் வேலை பார்த்தவர். கான்கிரீட் வாய்க்கால் போடுவதே அவருக்குப் பிழைப்பு. அவர் கணக்குப் போட்டுச் சொன்னார். வாய்க்கால் 11 அடி அகலம், 4 அடி ஆழம், ஆக 44 சதுர அடி. இரண்டு அடி விட்டமுள்ள குழாய் இரண்டு சேர்ந்தால் ஆறேகால் சதுர அடிதான். ஏழில் ஒரு பங்கு வழியில் மொத்தத் தண்ணீரும் போக வேண்டும். அதோடு அவர் சொன்ன இன்னொன்றுதான் முக்கியம்: "பாதையை மட்டும் வெட்டினா தப்பு. கீழ தாமரை அடைச்சுக் கிடக்கு. மேல திறந்தா கிழக்கு வயல் ஒரே ராத்திரியில குளம். மொதல்ல கீழ இருந்து அள்ளிக்கிட்டு வா."

நிலக்காரர் மூட்டை போட்டதற்கு அப்போதுதான் எனக்குக் காரணம் புரிந்தது. அவர் பாதைக்காக மட்டும் அடைக்கவில்லை. தன் வயல் மூழ்கும் என்ற பயம். அது பொய்ப் பயமும் இல்லை. மேற்கே இருந்தவர்களுக்கு அவர் திமிராகத் தெரிந்தார், அவருக்கு மேற்கே இருந்தவர்கள் தன் வயலைக் கெடுக்க வந்தவர்களாகத் தெரிந்தார்கள். ஆனால் அவர் பேசிய பேச்சை நான் நியாயப்படுத்த மாட்டேன். கரையில் நடக்கும்போது அதையும் சொன்னேன். முகம் இறுகிப்போய் அரை மணி நேரம் என்னோடு பேசாமலே நடந்தார்.

டிசம்பர் 11-ல் எல்லோரும் கரையில் நடந்தார்கள். ஒன்பது பேர் வந்தோம். உப்பனாற்றுக்குப் பக்கத்திலிருந்து பாதை வரை ஒன்றரை கிலோமீட்டர். தாமரை அடைப்பை எல்லோருமாக நின்று பார்த்த பிறகு பேச்சின் சூடு தணிந்தது. கீழே அடைப்பை எடுப்பது, கோடையில் குழாயை மாற்றுவது, புகாரைத் திரும்பப் பெறுவது என்று பேசி முடித்தார்கள். மன்னிப்பு என்ற வார்த்தை யார் வாயிலிருந்தும் வரவில்லை.

இரண்டாவது பணம்

சிங்கப்பூரில் இரண்டாம் முறை 1,220 வெள்ளி சேர்த்தார்கள், ஏறக்குறைய 74,000 ரூபாய். இந்த முறை அது உதவிப் பணம் இல்லை, கூலி. வாய்க்கால் அடைப்பு எடுக்க 30 பேருக்கு ஆறு நாள் வேலை. வேலை இழந்த வீடுகளிலிருந்து முதலில் ஆள் எடுப்பது, பெயர்ப் பட்டியலை அக்கா எழுதுவது, கூலியை மாமா கொடுப்பது, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவது என்று வைத்தோம். மாமா முதலில் சங்கடப்பட்டார். நான்காம் நாள் அவர் நோட்டை அக்கா கூட்டிப் பார்த்து ஒரு பிழையைத் திருத்தினார். அதன்பிறகு மாமாவே "அந்தப் பொண்ணு வரட்டும்" என்று காத்திருக்கத் தொடங்கினார்.

கூலி 400 ரூபாய், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. இதில்தான் எதிர்பாராத இழுபறி. அந்த ஆண்டு நூறு நாள் வேலையில் ஒரு நாளுக்கு 281 ரூபாய், அது இருபாலருக்கும் ஒன்று என்பதை எல்லோரும் ஏற்றுக்கொள்வார்கள். தனியார் வேலை என்றால் ஆணுக்குக் கூடுதல் என்பதே ஊர் வழக்கம். "இடுப்பளவு தண்ணியில நாங்க நிக்கிறோம், கரையில அள்ளிப் போடுறவங்களுக்கும் அதே கூலியா?" என்று நான்கு ஆண்கள் இரண்டாம் நாளே போய்விட்டார்கள். அந்த இடத்துக்கு நான்கு பெண்கள் வந்தார்கள், தண்ணீரிலும் இறங்கினார்கள். கூலியை மாற்றவில்லை. ஆறு நாளில் 72,000 ரூபாய் கூலிக்கும், மிச்சம் டீக்கும் வடைக்கும் போயிற்று.

குத்தகைப் பேச்சு

வடிகாலைவிடக் கடினமாக இருந்தது இது. குத்தகை ஏக்கருக்கு ஒன்பது மூட்டை. பாதிப் பயிர் அழுகிப்போன வயலுக்கு முழுக் குத்தகை கேட்க முடியாது என்பது நிலக்காரருக்கும் தெரியும். ஆனால் குறைத்துவிட்டதாகச் சொன்னால் மற்ற குத்தகைக்காரர்களும் கேட்பார்கள். நிவாரணப் பணம் வந்தால் அது யாருக்கு என்ற கேள்வியும் இருந்தது. அடங்கலில் உழுகிறவர் பெயரைச் சேர்க்கலாமே என்று கேட்டேன். "எழுதிக் குடுத்துட்டு நாளைக்கு நிலத்தை நான் எங்க போய்த் தேடுறது தம்பி?" என்றார்.

நான் திரும்பி வந்தபின் அவர் மகனிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனே அப்பாவுக்குப் பேசினான். என்ன பேசினான் என்று எனக்குச் சொல்லவில்லை. வாரம் கழித்து, இந்த ஒரு போகத்துக்குப் பாதிக் குத்தகை போதும், அரசுப் பணம் வந்தால் பயிர் செய்தவருக்கே கொடுத்துவிடுவேன் என்று நிலக்காரர் மாமா மூலமாகச் சொல்லி அனுப்பினார். கையெழுத்து மட்டும் கிடையாது. இன்னொரு நிலக்காரர் ஒரு மூட்டைகூடக் குறைக்கவில்லை. அவருடைய குத்தகைக்காரர் வயலை விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போனார்.

இனி இப்படி நடந்தால்

முதல் வாரத்தில் சாப்பாட்டுக்கும் பாய், போர்வைக்கும் மட்டும் அனுப்புவோம். மீதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் வடிந்த பிறகு யாருக்கு என்ன போயிற்று என்று தெருவுக்கு ஒருவரிடம் கேட்போம். அந்த ஒருவரில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். யார் வீட்டு அடுப்பு எரிகிறது, எரியவில்லை என்பது அவர்களுக்குத்தான் தெரிகிறது. பட்டியலை ரேஷன் கடை வாசலில் உரக்கப் படித்த பிறகே பணம் போகும். பணம் பிடிக்கிறவர் என் சொந்தக்காரராக இருக்கக் கூடாது. மாமா நேர்மையானவர் என்பது உண்மை, ஆனால் என் மாமா என்பதால் மற்றவர்கள் கேள்வி கேட்கத் தயங்கியதும் உண்மை. வீடியோக்களைக் குழுவில் போடக் கூடாது என்று விதி வைத்துவிட்டோம். குழுவைப் பார்த்துக்கொள்ள காலனித் தெருவிலிருந்து ஒருவரையும் சேர்த்தோம்.

எல்லாவற்றையும் விட, வாய்க்கால் அடைப்பை ஆவணியிலேயே எடுக்கக் கூலி அனுப்பியிருந்தால் ஒன்பது நாள் நான்கு நாளாகியிருக்கும் என்று நினைக்கிறேன். வெள்ளம் வந்த பிறகு ஐம்பது வெள்ளி கொடுக்க யாரும் தயங்கவில்லை. அதற்கு முன்னால் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களா என்பதை 2023 ஆவணியில்தான் பார்த்தோம். 46 பேரில் 27 பேர் ஆளுக்கு 20 வெள்ளி கொடுத்தார்கள். ஒரு கிலோமீட்டர் வரை அள்ள முடிந்தது.

அதன் பிறகு

2023 ஜனவரி 26 கிராம சபையில் வடிகால் பற்றித் தீர்மானம் போட்டார்கள். பிப்ரவரி முதல் வாரத்தில் அறுவடை நேரத்தில் மறுபடி மழை. மீண்டு வந்திருந்த பயிரும் சாய்ந்தது. 33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. இரண்டரை ஏக்கருக்கான பணம் நிலக்காரர் கணக்கில் வந்ததும் அதை எடுத்துக் குத்தகைக்காரர் வீட்டுக்குப் பேரனிடம் கொடுத்தனுப்பினார். அவர் நேரில் போகவில்லை.

மே மாதத்தில் அந்த இரண்டு குழாய்களையும் எடுத்துவிட்டு மூன்று அடி விட்டத்தில் மூன்று குழாய்கள் வைத்தார்கள். செலவில் பாதி நிலக்காரர், பாதி நாங்கள். இப்போதும் வாய்க்காலின் பாதி அளவுக்குத்தான் வழி இருக்கிறது. சிறு பாலம் கட்டக் கேட்டிருக்கும் மனு நிலுவையில் இருக்கிறது. 2024 ஜனவரியில் சீர்காழிப் பக்கம் கனமழை பெய்தபோது பாதைக்கு மேற்கே தண்ணீர் மூன்றாம் நாள் வடிந்தது.

விடுதித் தம்பி 2023 பொங்கலுக்குப் பிறகு தன் தட்டோடு பங்குச் சமையலுக்குத் திரும்பினான். நிலக்காரர் மகன் அன்று கருவாட்டுக் குழம்பு வைத்தான் என்று பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அடுத்த ஆண்டு நிறுவனம் தம்பியை வேறு விடுதிக்கு மாற்றிவிட்டது.

அண்ணன் அதே இரண்டரை ஏக்கரில் இன்னும் பயிர் செய்கிறார். குத்தகை மறுபடி ஏக்கருக்கு ஒன்பது மூட்டை. அடங்கலில் அவர் பெயர் ஏறவில்லை.